ரெண்டு கார்டு, ஒரு ஃபேன்: 2013 மேக் ப்ரோ மாட்டிக்கிட்ட சூட்டு மூலை

சின்ன கேபினெட்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போடணும், சூடு தாங்குமான்னு யாராவது கேட்டா நான் மதர்போர்டு என்ன, பவர் சப்ளை எத்தனை வாட்னு எல்லாம் உடனே ஆரம்பிக்கறதில்ல, 2013ல ஆப்பிள் விட்ட மேக் ப்ரோ ஞாபகம் இருக்கான்னுதான் முதல்ல கேப்பேன். அதாங்க, கறுப்பா, உருளையா, பளபளன்னு, ஊரே குப்பைத்தொட்டின்னு கிண்டல் பண்ணுச்சே, அந்த மெஷின். கிண்டல் பண்ணவங்கள்ல பாதிப் பேரு "சூடு தாங்கல, ஊத்திக்கிச்சு"ன்னு ஒரு வரில கதையை முடிச்சிடுவாங்க, அது சரியில்ல. அந்த மெஷின் ரெண்டு கார்டை நல்லாவேதான் குளிர வச்சுது, அதுக்கு வராதது ஒரே ஒரு பெரிய கார்டைக் குளிர வைக்கறது. கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா விஷயமே அதுதான், அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

முதல்ல அளவு. உயரம் 25.1 சென்டிமீட்டர், குறுக்களவு 16.7, எடை 5 கிலோ. கணக்குப் போட்டா கொள்ளளவு சுமார் 5.5 லிட்டர் வருது, வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் இருக்கே, அதுல கால்வாசிய விட கொஞ்சம்தான் கூட. இதுக்குள்ள 12 கோர் வரைக்கும் போகக்கூடிய ஒரு ஸியான் ப்ராசஸர், ரெண்டு ஏஎம்டி ஃபயர்ப்ரோ கார்டு, நாலு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி, 450 வாட் பவர் சப்ளை, எல்லாம் அடக்கம். இதுக்கு முன்னாடி இருந்த மேக் ப்ரோ அலுமினியம் டவர், கைப்பிடியெல்லாம் சேர்த்து அளந்தா 50 லிட்டர் பக்கம் வரும், அதுல பவர் சப்ளை மட்டும் 980 வாட். எட்டுல ஒரு பங்கு ஆக்கிட்டோம்னு ஆப்பிள் பெருமையா சொல்லிச்சு, பெருமைப்படலாம்தான். (அந்தப் பழைய டவரை 2013 மார்ச்லயே ஐரோப்பால விக்கறத நிறுத்திட்டாங்க, ஏன்னா உள்ள இருந்த ஃபேன்ல விரல் படாம தடுக்க பாதுகாப்பு இல்லன்னு அங்க புது விதி வந்துடுச்சு. ஆக புது டிசைன் வர வேண்டிய நேரமும் வந்திருந்துச்சு.)

2013 ஜூன்ல டெவலப்பர் மாநாட்டுல காட்டுனாங்க, டிசம்பர் 19ல ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஆரம்ப விலை 2,999 டாலர். எதை வாங்கினாலும் ரெண்டு கார்டு கட்டாயம், ஒரு கார்டு போதும்னு சொல்ற வாய்ப்பே கிடையாது. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

சரி, ரெண்டு கார்டுன்னா பொதுவா என்ன பிரச்சனைன்னு பாத்துட்டு வருவோம். சாதாரண பிசில பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுக்கு நடுவுல இருக்கற தூரம் 20.32 மில்லிமீட்டர். ரெண்டு ஸ்லாட் தடிமன் கார்டுன்னா அது 40 மில்லிமீட்டர் எடுத்துக்கும். மைக்ரோ ஏடிஎக்ஸ்ங்கற சின்ன சைஸ் மதர்போர்டுல மொத்தமே நாலு ஸ்லாட் இடம்தான், அதுல இப்படி ரெண்டு கார்டை ஒட்டிப் போட்டா மேல் கார்டோட ஃபேனுக்கும் கீழ் கார்டோட முதுகுக்கும் நடுவுல மில்லிமீட்டர் கணக்குலதான் இடைவெளி மிஞ்சும். அதை விடச் சின்ன மினி ஐடிஎக்ஸ்ல ஒரே ஸ்லாட்தான், ரெண்டு கார்டுன்னா ரைசர்ங்கற நீட்டிப்புப் பலகை போட்டு ஸ்லாட்டோட டேட்டா பாதையை (லேன்) பிரிக்கணும், போர்டும் அதை ஏத்துக்கணும், அது தனித் தலைவலி. சில மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுல ரெண்டாவது நீள ஸ்லாட்டை அடிமட்டத்துல, நாலாவது இடத்துல வச்சிருப்பாங்க, கார்டுக்கு நடுவுல நல்ல இடைவெளி கிடைக்கும்னு சந்தோஷப்பட்டு வாங்கிட்டு வந்தா கீழ் கார்டு போர்டை விட்டு வெளிய தொங்கும், கேபினெட்ல அஞ்சாவது ஸ்லாட்டுக்கு ஓட்டை இல்லன்னா கதை முடிஞ்சுது. இதைப் பாக்காம வாங்கிட்டு வந்து கிரைண்டரை எடுத்தவங்க உண்டு.

இடம் கிடைச்சாலும் காத்து வேற விஷயம். இப்ப வர்ற கார்டுகள்ல பெரும்பாலும் ரெண்டு மூணு ஃபேன் முன்பக்கம் இருக்கும், காத்தை உறிஞ்சி ஹீட்சிங்க் மேல அடிச்சு நாலா பக்கமும் கேபினெட்டுக்குள்ளயே துப்பிடும். ஒரு கார்டு இருக்கற வரைக்கும் தப்பில்ல. ரெண்டு கார்டை ஒட்டி வச்சா கீழ இருக்கறது துப்புன சூட்டுக் காத்தைத்தான் மேல இருக்கறது உறிஞ்சும். கீழ் கார்டு இலை போட்டு சாப்பிடுது, மேல் கார்டுக்கு எச்சி. அதனாலதான் ரெண்டு கார்டுலயும் ஒரே வேலை ஓடினாலும் மேல் கார்டு எப்பவும் கூடுதலா சூடேறி, முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும். ப்ளோயர் டைப் கார்டு, அதாவது ஒரு முனைல காத்தை இழுத்து மறு முனைல கேபினெட்டுக்கு வெளிய தள்ற வகை, சத்தம் காது கிழியும், ஆனா இந்த எச்சிப் பிரச்சனை அதுல ரொம்பக் கம்மி. சர்வர்க்காரங்க இன்னும் அதைத் தேடித் தேடி வாங்கறது சும்மா இல்ல.

இப்ப ஆப்பிள் பண்ணதைப் பாருங்க. நம்ம ஊர்ல மூணு கல்லு வச்ச அடுப்பு தெரியும்ல, மூணு பக்கம் கல்லு, நடுவுல தீ. அதை அப்படியே தலைகீழா யோசிங்க, தீ கல்லுல இருக்கு, நடுவுல காத்து. அலுமினியத்துல முக்கோணக் குழாய் மாதிரி ஒரு ஹீட்சிங்க், உள்பக்கம் பூராவும் தகடு தகடா துடுப்பு. வெளிப்பக்கம் மூணு முகம், ஒண்ணுல ப்ராசஸர் போர்டு, மத்த ரெண்டுலயும் ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டு. சிப்பு எல்லாம் உள்ள பாத்து ஒட்டியிருக்கும், முதுகு வெளிய. அடில சுத்தி இருக்கற இடுக்கு வழியா காத்து உள்ள வரும், உச்சில ஒரே ஒரு பெரிய ஃபேன் அதை மேல இழுத்துத் தள்ளும். அவ்வளவுதான். கார்டுக்குன்னு தனி ஃபேன் கிடையாது, ப்ராசஸருக்குன்னு தனி ஃபேன் கிடையாது.

இதுல புத்திசாலித்தனம் எங்கன்னா, மூணு சிப்புக்கும் புதுக் காத்துதான் போகுது, எவனும் எவனோட எச்சியையும் சாப்பிடறதில்ல. சாதாரண பிசில காத்து ஒரு கார்டு, அடுத்த கார்டுன்னு வரிசையா போகுது, இங்க பந்தில உக்காந்த மாதிரி மூணு பேருக்கும் ஒரே நேரத்துல பரிமாறப்படுது. இன்னொண்ணு, ஹீட்சிங்க் பொதுச் சொத்து. நம்ம பிசில ப்ராசஸர் கூலர் வேற, கார்டு கூலர் வேற, கார்டு மட்டும் கொதிக்கும்போது ப்ராசஸர் கூலர் சும்மா உக்காந்திருக்கும், உதவிக்கு வராது. இதுல ப்ராசஸர் சும்மா இருந்தா அதோட பங்குத் துடுப்பையும் கார்டுகள் எடுத்துக்கும். மூணும் ஒரே நேரத்துல முழு மூச்சுல ஓடறது அபூர்வம்ங்கற நம்பிக்கைலதான் இந்த டிசைனே நிக்குது, வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாவும் இருந்துச்சு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாக்கலாம், பயப்படாதீங்க, சின்னதுதான். 450 வாட் சூட்டை வெளிய கொண்டு போகணும், உள்ள வர்ற காத்தை விட வெளிய போற காத்து 15 டிகிரி கூட இருக்கலாம்னு வச்சுக்கிட்டா நொடிக்கு சுமார் 26 லிட்டர் காத்து தேவைப்படும். பெட்டியே 5.5 லிட்டர்தான். ஆக முழு லோடுல உள்ள இருக்கற மொத்தக் காத்தும் நொடிக்கு நாலு, அஞ்சு தடவை மாறணும். பெரிய ஃபேனா இருந்ததால மெதுவா சுத்தியே இதைச் சமாளிக்க முடிஞ்சுது, சும்மா இருக்கும்போது சத்தம் 12 டெசிபல்னு ஆப்பிள் போட்டிருந்தாங்க, அதாவது ரூம்ல வேற எந்தச் சத்தமும் இல்லன்னாலும் காதுல விழறது கஷ்டம். நாலு சின்ன ஃபேன் கத்தறதுக்குப் பதிலா ஒரு பெரிய ஃபேன் முனகட்டும்ங்கறது நம்ம வீட்டு பிசிக்கும் பொருந்தும், எத்தனை பேரு கேக்கறாங்க.

அந்தக் கணக்குல இன்னொரு விஷயமும் இருக்கு. ஏசி இல்லாத ரூம்ல 34 டிகிரின்னா வெளிய வர்ற காத்து 49 டிகிரி. சிப்பு அதை விடச் சூடாத்தானே இருக்கணும். ஆக ரூம் சூட்டுல ஏர்ற ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சிப்புல ஏறும், எந்தக் கூலர் போட்டாலும் இதுல தள்ளுபடி கிடையாது. வெளிநாட்டு வீடியோல 21 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ணிட்டு 74 டிகிரிதான் வந்துச்சுன்னு காட்டுவாங்க, அதைப் பாத்துட்டு சித்திரை வெயில்ல நம்ம ரூம்லயும் 74 வரும்னு உக்காந்திருக்கக் கூடாது.

அடுத்து பவர். இங்கதான் சுவாரசியமே. பவர் சப்ளை 450 வாட்டுன்னு சொன்னேன். ப்ராசஸர் 130 வாட் வகை. மீதி 320. அதுல ராம், எஸ்எஸ்டி, ஆறு தண்டர்போல்ட் போர்ட், யுஎஸ்பி எல்லாத்துக்கும் கொஞ்சம் விடணும். ஆக ஒரு கார்டுக்கு 130, 140 வாட்டுக்கு மேல கொடுக்க வழியே இல்ல. ஆனா இந்த மெஷினுக்குன்னு வந்த டி300, டி500, டி700ங்கற மூணு கார்டு வகைல டாப்பான டி700ல இருந்தது ஏஎம்டியோட டஹிட்டி சிப்பு, 2048 ஸ்ட்ரீம் ப்ராசஸரும் (கணக்குப் போடற குட்டிக் கோர்கள்) முழுசா திறந்தது, 6 ஜிபி மெமரி. இதே சிப்பைப் போட்டு ஏஎம்டி தனியா வித்த ஃபயர்ப்ரோ டபிள்யூ9000 கார்டு 274 வாட் வரைக்கும் குடிக்கும். அப்ப எப்படி ரெண்டை உள்ள அடைச்சாங்க?

வேகத்தைக் குறைச்சாங்க. டபிள்யூ9000ல 975 மெகாஹெர்ட்ஸ், டி700ல 850. குறைஞ்சது 13 சதவீதம்தான், ஆனா வேகம் குறைஞ்சா வோல்டேஜையும் குறைக்கலாம், பவர் வந்து வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அதனால வேகத்துல கொஞ்சம் விட்டுக் கொடுத்தா வாட்ல நிறையவே மிச்சமாகும். நல்ல சிப்பா பொறுக்கி எடுத்தா இன்னும் மிச்சம். கணக்குப் போடற வேகம் 4 டெராஃப்ளாப்ஸ்ல (நொடிக்கு 4 லட்சம் கோடி கணக்கு) இருந்து 3.5க்கு இறங்குச்சு, ரெண்டு சேர்த்து 7. இன்னைக்கு 350 வாட் ஆர்டிஎக்ஸ் 3090 ரெண்டை வச்சிருக்கறவங்க என்விடியா கமாண்ட்ல பவர் லிமிட்டை 250, 260னு இறக்கி வச்சு ஓட்டறாங்கல்ல, அதேதான் இது, ஆப்பிள் ஃபேக்டரிலயே பண்ணிக் கொடுத்துட்டாங்க. சின்ன பெட்டில ரெண்டு கார்டு போடறவங்க ஃபேன், பேஸ்ட், ரேடியேட்டர்னு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த ஒண்ணை முதல்ல பண்ணிப் பாருங்க, காசே ஆகாது. பிசியை ரீஸ்டார்ட் பண்ணா அந்த லிமிட் போயிடும், ஸ்டார்ட்அப்ல போட்டு வைக்கணும், அதை மறந்துட்டு அடுத்த நாள் ஏன் கொதிக்குதுன்னு தலையப் பிச்சுக்க வேண்டாம்.

விலைலயும் ஒரு அதிசயம். டபிள்யூ9000 வந்தப்ப ஒரு கார்டே 3,999 டாலர். மேக் ப்ரோல அடிப்படையான டி300 ஜோடில இருந்து டி700 ஜோடிக்குப் போக கூடுதல் 1,000 டாலர்தான். அந்த கார்டோட எல்லா வசதியும் இதுல இருக்குன்னு அர்த்தமில்ல, ஆனாலும் ஆப்பிள் கிட்ட ராம் வாங்குனவங்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகைன்னு புரியும்.

ஆக வன்பொருள்ல சொல்லி அடிச்சிருந்தாங்க. அப்புறம் எங்க சறுக்குச்சு?

முதல் சறுக்கல் சாஃப்ட்வேர்ல. ரெண்டு கார்டு இருந்தா ரெண்டு மடங்கு வேகம்னு நாம நினைக்கறோம், ஆனா மேக்கோட ஓஎஸ் எக்ஸ்ல ரெண்டும் தானா சேந்து வேலை செய்யாது. விண்டோஸ் பூட் பண்ணினா ஏஎம்டியோட கிராஸ்ஃபயர்ங்கற கார்டு இணைக்கற வசதி மூலமா ரெண்டும் சேந்து கேம் ஓட்டும், மேக் பக்கம் வந்தா ஒரு கார்டு ஸ்க்ரீனைப் பாத்துக்கும், இன்னொண்ணு ஏதாவது சாஃப்ட்வேர் ஓப்பன்சிஎல்ல (கார்டைக் கணக்குப் போட வைக்கற வழி) கூப்பிட்டா எந்திரிக்கும், இல்லன்னா தூக்கம்தான். ஆப்பிளோட வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைனல் கட் ப்ரோ 10.1ஐ இந்த மெஷினுக்குன்னே திருத்தி அதே டிசம்பர்ல விட்டாங்க, அதுல ரெண்டு கார்டும் நல்லா வேலை செஞ்சுது, டாவின்சி ரிசால்வும் ரெண்டையும் பயன்படுத்திக்கிச்சு, இப்படி ஒரு கை விரல் எண்ணிக்கைல சில சாஃப்ட்வேர். மத்ததெல்லாம் ஒரு கார்டோட நின்னுடுச்சு. மெமரியும் கூடாது, 6 ஜிபியும் 6 ஜிபியும் சேந்து 12 ஆகாது, ஒரே டேட்டாவை ரெண்டுலயும் வைக்கணும். இந்தத் தப்புக் கணக்கை இன்னைக்கும் நிறைய பேரு போடறாங்க. ஏஐ மாடலை லேயர் லேயரா பிரிச்சு ரெண்டு கார்டுல வச்சா மெமரி ஒரு மாதிரி கூடும்தான், ஆனா ஒரே ஆள் கேள்வி கேக்கும்போது கார்டுகள் மாத்தி மாத்தித்தான் வேலை செய்யும், ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு வேடிக்கை பாக்கும். அதனாலதான் அப்படி ஓட்டும்போது சூடு குறைவா தெரியும், கூலிங் பிரமாதம்னு நினைச்சுக்கிட்டு ட்ரெய்னிங் ஓட்டினா ரெண்டும் ஒண்ணா கொதிக்கும். பிசியை டெஸ்ட் பண்றப்ப எந்த வேலைல டெஸ்ட் பண்றோம்ங்கறது அவ்வளவு முக்கியம்.

நடுவுல கார்டு பழுதுங்களும் வந்துச்சு. 2016 பிப்ரவரில ஆப்பிள் ஒரு இலவச ரிப்பேர் திட்டம் ஆரம்பிச்சாங்க, 2015 பிப்ரவரி 8ல இருந்து ஏப்ரல் 11 வரைக்கும் தயாரான மெஷின்ல டி500, டி700 கார்டு இருந்தா, படம் சிதைஞ்சு தெரியறது, படமே வராதது, தானா ரீஸ்டார்ட் ஆகறது, இதுக்கெல்லாம் மாத்திக் கொடுத்தாங்க. டி300 அந்த லிஸ்ட்ல இல்ல. பெரிய கார்டுங்க மட்டும் வர்றதைப் பாத்துட்டு சூடுதான் காரணம்னு அப்பவே நிறைய பேரு தீர்ப்பு எழுதிட்டாங்க. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ரெண்டு மாசத் தயாரிப்புக்கு மட்டும்னு தேதி போட்டுச் சொன்னா அது டிசைன் கோளாறை விட அந்தக் குறிப்பிட்ட லாட்ல வந்த கோளாறு மாதிரிதான் எனக்குத் தெரியுது. டிசைன்தான் வில்லன்னா 2013ல இருந்தே எல்லாம் வரிசையா விழுந்திருக்கணுமே.

உண்மையான அடி வெளியில இருந்து வந்துச்சு. 2013ல ஆப்பிள் வச்ச பந்தயம், இனிமே நடுத்தரமான ரெண்டு சிப்பு, மூணு சிப்புன்னுதான் உலகம் போகும்னு. உலகம் நேர் எதிரா போச்சு, ஒரே சிப்பு, பெருசா, வாட் கணக்குப் பாக்காம. 2017 மார்ச்ல வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஒரே கார்டு, 250 வாட், 11 டெராஃப்ளாப்ஸுக்கு மேல, அதாவது ரெண்டு டி700ஐ சேத்துக் கட்டினாலும் பக்கத்துல வர முடியாது. ஏஎம்டி பக்கம் அதே வருஷம் ஆகஸ்ட்ல வேகா 64, 295 வாட். இதுல ஏதாவது ஒண்ணை அந்த முக்கோணத்துல எங்க ஒட்டுவீங்க? மூணு முகமும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டுக்குன்னு பிரிச்ச டிசைன். ஒரு முகத்துல 295 வாட்டை வச்சா அந்தப் பக்கத் துடுப்பு மட்டும் தகிக்கும், காத்து மூணு பக்கமும் சமமா போயிட்டே இருக்கும், எதிர் முகத்துல இருக்கற துடுப்புக்கு அலுமினியம் வழியா சூடு போய்ச் சேரணும், அது அவ்வளவு சுலபமா போகாது. பொதுச் சொத்துன்னு முன்னாடி சொன்னேன்ல, அது மூணு பேரும் அளவா எடுக்கற வரைக்கும்தான். மொத்தம் 450 வாட்டுக்குள்ளதான் இருக்குன்னு காகிதத்துல கணக்கு சரியா வரலாம், இடம் பாத்து சூடு வரணுமே.

2017 ஏப்ரல்ல ஆப்பிள் வழக்கமா செய்யாத ஒண்ணைச் செஞ்சாங்க. அஞ்சே அஞ்சு பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஆப்பிளோட பெரிய அதிகாரிங்க ஃபில் ஷில்லர், கிரெய்க் ஃபெடரிகி, ஜான் டெர்னஸ் மூணு பேரும் பேசினாங்க. ஃபெடரிகி அப்பதான் அந்த வார்த்தையச் சொன்னார், நாங்களே டிசைன் பண்ணி எங்களை ஒரு சூட்டு மூலைல நிறுத்திக்கிட்டோம்ங்கற அர்த்தத்துல. ரெண்டு கார்டுக்கு ஏத்த மாதிரி சூட்டுக் கணக்கு போட்டோம், அதுக்கேத்த வேலைகள் நாங்க நினைச்ச அளவுக்கு வரல, பெரிய ஒத்தைக் கார்டு போடணும்னா இந்த அமைப்பு தாங்காதுன்னு விளக்கினார். கார்டை வேற மாதிரி மாத்தி அமைக்க இந்த டிசைன் இடம் கொடுக்காதுன்னு டெர்னஸும் ஒத்துக்கிட்டார். புது மேக் ப்ரோ வருது, ஆனா இந்த வருஷம் இல்லன்னாங்க. அதுவரைக்கும் இதே மெஷின்ல கூடுதல் கோரும் பெரிய கார்டும் பழைய விலைக்கே, அவ்வளவுதான் ஆறுதல்.

ஒரு பெரிய கம்பெனி இப்படி வாயத் திறந்து ஒத்துக்கிட்டது பாராட்டத்தக்கதுன்னு எல்லாரும் எழுதினாங்க, நானும் ஒத்துக்கறேன், ஆனா எனக்கு அந்த விளக்கத்துல பாதிதான் செரிச்சுது. ஏன்னா 2016 ஜூன்ல ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 விட்டாங்க. 150 வாட், 5.8 டெராஃப்ளாப்ஸ். அந்த மெஷின்ல ஒரு முகத்துக்கு இருந்த பட்ஜெட்டுக்குப் பக்கத்துலயே வருது, டி700ஐக் குறைச்ச மாதிரி லேசா வேகத்தைக் குறைச்சா தாராளமா உள்ள போயிருக்கும். ஒரு சிப்பே பழைய ரெண்டோட வேகத்துல முக்கால்வாசி பக்கம், ரெண்டு போட்டிருந்தா 10 டெராஃப்ளாப்ஸ் பக்கம் வந்திருக்கும், அதே முக்கோணம், அதே ஃபேன், அதே 450 வாட். சூட்டு மூலை இதைத் தடுக்கல. போடல, அவ்வளவுதான். கார்டு வழக்கமான ஸ்லாட்டுல உக்காராத தனி வடிவம், ஒரு கார்டோட முதுகுலதான் எஸ்எஸ்டி வேற உக்காந்திருக்கும், அதனால ஆப்பிள் செஞ்சு கொடுக்காம வேற யாரும் செய்ய முடியாது. டஹிட்டி சிப்பு முதல்ல வெளிவந்தது 2011 டிசம்பர்ல. அது உள்ள இருக்கற மெஷினை 2019 டிசம்பர் வரைக்கும் வித்தாங்க. எட்டு வருஷம் பழைய சிப்பு! சூடுதான் எல்லாத்துக்கும் காரணம்னா இதுக்கு என்ன காரணம்?

வெளில கார்டு மாட்டிக்கலாமேன்னு அப்ப ஒரு வாதம் ஓடிச்சு, அதுக்குத்தானே ஆறு தண்டர்போல்ட் போர்ட் கொடுத்தாங்கன்னு. அது தண்டர்போல்ட் 2, நொடிக்கு 20 கிகாபிட். 2018ல மேக்ல வெளிப்புற கார்டுக்கு முறையா ஆதரவு வந்தப்ப தண்டர்போல்ட் 3 இருந்தாத்தான்னு சொல்லிட்டாங்க. கதவைத் தட்டறதுக்குள்ள பூட்டிட்டாங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும், கழட்டி மாட்ட இது ரொம்ப நல்ல மெஷின். பின்னாடி ஒரு லாக்கைத் தள்ளினா மேல்மூடி அப்படியே தூக்கிட்டு வந்துடும், ராம், எஸ்எஸ்டி எல்லாம் கைக்கு எட்டும். பொருளைக் கழட்டிப் பாத்து ரிப்பேருக்கு மார்க் போடற ஐஃபிக்ஸிட் 10க்கு 8 கொடுத்தாங்க, ஆப்பிள் பொருளுக்கு அது டிஸ்டிங்ஷன் மாதிரி. நம்ம ஊர்ல இதை இன்னும் வச்சு ஓட்டறவங்க யாராவது இருந்தா அடிப்பக்க இடுக்கை மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க, காத்து தரையோட வர்றதால தூசியும் அங்கதான் சேரும், உள்ள துடுப்பு நடுவுல தூசி பிடிச்சா வெளில இருந்து தெரியவே தெரியாது. கார்டைக் கழட்டினா தெர்மல் பேஸ்ட் புதுசா போடாம திருப்பி மாட்டாதீங்க. கம்பளம் விரிச்ச டேபிள் மேல வைக்கறதும் வேண்டாம், மூச்சு விடறதே அடிப்பக்கமாத்தான்.

2019ல வந்த புது மேக் ப்ரோவைப் பாத்தா சூடு பட்ட பூனைங்கறது நல்லாத் தெரியும். திரும்பவும் டவர், 1.4 கிலோவாட் பவர் சப்ளை, எட்டு ஸ்லாட். எம்பிஎக்ஸ் மாட்யூல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் 500 வாட் வரைக்கும் கொடுக்கலாம், அதுல ஃபேனே கிடையாது, வெறும் பெரிய ஹீட்சிங்க், முன்னாடி இருக்கற மூணு பெரிய ஃபேன் காத்தை நேரா உள்ள தள்ளும். கவனிச்சீங்களா, கார்டுல ஃபேன் வேண்டாம், மெஷினோட ஃபேன் போதும்ங்கற யோசனை குப்பைத்தொட்டில இருந்து அப்படியே வந்துடுச்சு, முக்கோணம் மட்டும் போயிடுச்சு. ஒரு மாட்யூல்லயே ரெண்டு வேகா சிப்பு வச்ச வேகா டூ டுவோவை ரெண்டு மாட்டி நாலு சிப்பு வரைக்கும் போகலாம். ஆரம்ப விலை 5,999 டாலர், சக்கரம் வேணும்னா தனியா 400 டாலர். சக்கரத்துக்கு!

அப்புறம் 2022 மார்ச்ல மேக் ஸ்டூடியோ. 19.7 சென்டிமீட்டர் சதுரம், 9.5 உயரம், 3.7 லிட்டர் பக்கம்தான், குப்பைத்தொட்டியை விடச் சின்னது. அதோட எம்1 அல்ட்ரா மாடல்ல இருக்கறது, ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒண்ணாவே இருக்கற ஆப்பிளோட சொந்த எம்1 மேக்ஸ் சிப்பு ரெண்டு, ஓரத்துல ஒட்டி நொடிக்கு 2.5 டெராபைட் வேகத்துல இணைச்சது. அதாவது ஒரு சின்ன பெட்டிக்குள்ள திரும்பவும் ரெண்டு கிராபிக்ஸ். ஆனா இந்தத் தடவை சாஃப்ட்வேருக்கு ரெண்டுன்னே தெரியாது, ஒரே பெரிய ஜிபியுன்னுதான் அது பாக்குது, மெமரியும் ஒரே குளம். பிரிச்சு எழுதுங்கன்னு எந்த டெவலப்பர் காலையும் பிடிக்க வேண்டாம். கூலிங்ல மட்டும் பழைய முக்கோணம் இல்ல, ரெண்டு ப்ளோயர், அடிப்பக்கமா காத்து இழுத்து பின்னாடி தள்றது. ஒத்தை மேக்ஸ் மாடல் 2.7 கிலோ, அல்ட்ரா மாடல் 3.6 கிலோ. அந்தக் கூடுதல் 900 கிராமுக்கு காரணம் அலுமினியத்துக்குப் பதிலா செம்புல போட்ட ஹீட்சிங்க்.